இமை வீக்கத்துக்குச் சூட்டு ஒத்தடமா, குளிர்ந்த ஒத்தடமா?

முக்கூடல் மகன்

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 58. கல்யாணமாகி முக்கூடலுக்கு வந்த நாளிலிருந்து பீடி சுற்றுகிறார். இலையும் தூளும் வாங்கி வந்து, திண்ணையில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். முந்தாநாள் காலையில் அவருடைய வலது கண்ணின் மேல் இமை வீங்கியிருந்தது. நேற்று அதன் ஓரத்தில், மயிர்க்காலை ஒட்டி, உளுந்தளவுக்குச் சிவந்த கட்டி ஒன்று தெரிந்தது. தொட்டால் வலிக்கிறது என்கிறார். பார்வையில் குறை எதுவும் சொல்லவில்லை. சித்திரையிலிருந்து இது மூன்றாவது முறை. முதலில் இடது கண்ணில் வந்தது, பிறகு வலது கண்ணின் கீழ் இமையில், இப்போது மேல் இமையில்.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு மதினி நாமக்கட்டியை உரைத்துப் பூசச் சொல்கிறார். உடம்புச் சூட்டால் வந்த கட்டிக்கு மேலும் சூடு வைக்கக் கூடாது, நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்துக் கட்டு என்கிறார் பெரியம்மா. மருந்துக் கடையில் கேட்டதற்கு ஒரு சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், இன்னும் ஊற்றவில்லை. வீட்டில் செய்யத்தக்கது எது, செய்யவே கூடாதது எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேட்டைக்காரன்

கண்கட்டி வந்தவனைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்பது, "யாரை எட்டிப் பார்த்தே?" என்றுதான். உங்கள் அம்மாவிடம் அதைக் கேட்க முடியாது. எனக்கு வரும்போதெல்லாம் சுட்டுவிரலை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து இமையில் வைப்பேன், ஒரு வாரத்தில் போய்விடும். அதற்கு மேல் நான் எதுவும் செய்ததில்லை, அண்ணாச்சி.

ஹைகிரவுண்டு அக்கா

தம்பி, முதல் வேலையாக அந்தச் சொட்டு மருந்தின் அட்டையை எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு மருந்து. அதைக் கண் மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் ஊற்றக் கூடாது. சிவப்பும் வீக்கமும் ஒரே நாளில் அடங்கிவிடும் என்பதனாலேயே ஜனங்கள் அதைக் கேட்டுக் கேட்டு வாங்குகிறார்கள். மாதக் கணக்கில் ஊற்றினால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெட்டுப்போகும். நெல் சோகை கிழித்துக் கருவிழியில் பூஞ்சைப் புண் இருப்பவர் அதை ஊற்றினால், புண் அடியோடு பரவிய பிறகுதான் எங்களிடம் வந்து சேருவார். கண் வார்டில் நான் செவிலியாக இருந்த காலம் முழுவதும் இப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது கண்கட்டி. இமையின் விளிம்பில், மயிர்க்காலை ஒட்டி, மிகச் சிறிய எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. இமைக்குள்ளே இருக்கும் குருத்தெலும்பு போன்ற தகட்டில் இன்னொரு வரிசை இருக்கிறது. மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை இருக்கும். கண்ணீர் சட்டென்று உலர்ந்துவிடாமல் காக்கும் எண்ணெய்ப் படலத்தைச் சுரப்பவை இவைதான். இவற்றில் ஒன்றின் வாய் அடைத்து, தோலில் எப்போதும் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி அதற்குள் பெருகினால் சீழ் பிடித்து வலிக்கும். இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, அதன் அடியில் கொழுப்பும் இல்லை. அதனால் உளுந்தளவுக் கட்டிக்கும் இமை முழுவதும் பணியாரம் போல் உப்பிவிடுகிறது. வீக்கத்தின் அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இதற்குச் சூட்டு ஒத்தடம்தான் மருந்து. அடைத்துக்கொண்டிருப்பது உறைந்துபோன எண்ணெய். கார்த்திகை மாதத்துத் தேங்காய் எண்ணெய் போல, சூடு பட்டால்தான் இளகும். கொதித்து ஆறிய தண்ணீரை எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டை விடச் சற்றுக் கூடுதலாக, 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் போதும். பழைய வேட்டித் துணியைத் துவைத்து, நாலாக மடித்து, அதில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்ணின் மேல் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் துணி ஆறிவிடும். பெரும்பாலோர் ஆறிய துணியையே பத்து நிமிடம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒத்தடத்தால் பயனில்லை என்பார்கள். திரும்பத் திரும்ப நனைத்து வைக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு நான்கு தடவை. அவித்த முட்டையையோ வறுத்த உப்பு மூட்டையையோ கண்ணில் வைக்காதீர்கள். அதன் சூடு நம் கட்டுக்குள் நிற்காது, இமை வெந்துபோகும்.

கட்டியைப் பிதுக்கக் கூடாது. முனையில் வெள்ளை தெரிந்த பிறகு பிதுக்கினாலும், ஊசியைத் தீயில் காட்டிக் குத்தினாலும், சீழ் உள்ளே பரவும். ஒத்தடம் தொடர்ந்தால் ஒரு வாரம் பத்து நாளில் தானாக உடைந்து வடிந்துவிடும். இரண்டு மூன்று நாளில் வலி குறையத் தொடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னும் ஒன்று. சில மாதத்துக்குள் மூன்று முறை வந்திருக்கிறது என்றால் கட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது போதாது. உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்து எத்தனை நாளாகிறது? கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி போடுகிறாரா? கண்ணாடி இல்லாமல் இந்த வயதில் நூல் கட்டுகிறவர் கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் இருப்பார், அதுவும் புகையிலைத் தூள் படிந்த விரலால்.

சித்தப் பாளை

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். பெரியம்மா சொன்ன "சூட்டுக் கட்டி" என்ற பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடம்பில் பித்தம் மிகுவதையே நம் முறையில் சூடு என்கிறோம். அதற்கு எண்ணெய்க் குளியலும் மோரும் உறக்கமும் உண்டு. ஆனால் வெளியில் வைக்கும் வெந்நீர் ஒத்தடத்தால் அந்தச் சூடு ஏறும் என்று நினைப்பது சொல்லொற்றுமையால் வந்த குழப்பம். ஒத்தடம் நம் முறையிலும் புற மருத்துவங்களில் ஒன்றாகத்தான் இருக்கிறது. அக்கா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நந்தியாவட்டைப் பூவை மூடிய இமைமேல் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். அதற்குமேல் அது கட்டியைக் கரைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நாமக்கட்டியை நான் தவிர்க்கச் சொல்வேன். பூசிய அரை மணியில் அது காய்ந்து, வெடித்து, பொருக்குப் பொருக்காக உதிரும். இமை விளிம்பில் உதிர்வது கண்ணுக்குள்தான் விழும். தாய்ப்பால், பன்னீர், தேன், படிகாரத் தண்ணீர் ஆகிய எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். மருந்து தயாரிப்பு என்பது தூய்மையோடு செய்ய வேண்டிய வேலை. அடுக்களையில் அது நடக்காது.

ஆடிக்காற்று

நான் பணகுடிக்காரன். எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடியில் காற்று அடித்தால் வாசலில் நிற்க முடியாது; தோட்டத்து மண் முழுவதும் கண்ணில்தான் இருக்கும். அந்த இரண்டு மாதமும் எனக்கு இரண்டு கண்ணின் இமைகளும் வீங்கும். வலி கிடையாது, அரிப்புத்தான். நூல் போலப் பீளை வரும். அக்கா சொல்லும் சூட்டு ஒத்தடத்தை நானும் ஒருமுறை வைத்துப் பார்த்தேன், அரிப்பு இரட்டிப்பாகிவிட்டது. எது சரி?

ஹைகிரவுண்டு அக்கா

உங்களுக்கு இருப்பது ஒவ்வாமை, பணகுடியாரே. அதற்குக் குளிர்ந்த ஒத்தடம்தான். ஒவ்வாமையில் இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிவதால் இமை வீங்குகிறது. சூடு அவற்றை இன்னும் விரிக்கும், குளிர்ச்சி சுருக்கும். பானைத் தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியே போதும். பனிக்கட்டி வைப்பதானால் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். வெளியில் போய்த் திரும்பியதும் முகத்தையும் கண்ணையும் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள், வண்டியில் போகும்போது கண்ணாடி போடுங்கள், எவ்வளவு அரித்தாலும் கசக்காதீர்கள். கசக்கக் கசக்க அரிப்பைத் தூண்டும் பொருள் இன்னும் கூடுதலாகச் சுரக்கும்.

ஒரு கண்ணில், ஓரிடத்தில், தொட்டால் வலிக்கும் கட்டி என்றால் சூடு. இரண்டு கண்ணிலும் அரிப்போடு வந்த வீக்கம் என்றால் குளிர்ச்சி. வீட்டளவில் இவ்வளவு பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது.

காற்றும் தூசியும் மட்டும் காரணமில்லை. தலைக்குச் சாயம் போட்ட மறுநாள் இமை வீங்கி வருபவர்கள் உண்டு. சாயத்திலும் சில "கருப்பு மருதாணி"யிலும் கலக்கும் பாராஃபினிலீன்டையமின் என்ற பொருள் அதற்குக் காரணம். நகச்சாயத்தாலும் இமை தடித்து உரியும். விரல் தோல் தடிப்பானது என்பதால் அங்கே ஒன்றும் தெரியாது. அதே விரல் தொட்ட இமையில்தான் தெரியும். கல்யாண வீட்டில் ஒரே மை டப்பாவை ஏழு பெண்கள் பயன்படுத்துவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லிடை மதினி

எனக்கு இரவில் கருவாடோ அப்பளமோ கூடிவிட்டால் காலையில் இரண்டு கண்ணும் பொதபொதவென்று இருக்கும். கல்லிடைக்குறிச்சியில் இருந்துகொண்டு அப்பளம் சாப்பிடாதே என்றால் நடக்கிற காரியமா? பத்து மணிக்குள் வற்றிவிடும் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் என் பேரனுக்கு நான்கு வயது. பத்து நாளாக அவனுக்கும் காலையில் கண் வீங்குகிறது. அவன் அப்பளம் தொடுவதே இல்லை. அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. கொசுக்கடி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஹைகிரவுண்டு அக்கா

மதினி, பேரனை நாளைக்கே குழந்தை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கண் மருத்துவரிடம் அல்ல. சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சாதாரணப் பரிசோதனைதான். அவன் சிறுநீர் கழித்தால் சோப்பு நுரை போல நுரைத்து, அந்த நுரை அடங்காமல் நிற்கிறதா, வயிறோ காலோ உப்பியிருக்கிறதா, வழக்கத்தை விடச் சிறுநீர் குறைந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். கொசுக்கடியானால் ஒரு கண்ணில், கடித்த தடத்தோடு இருக்கும், ஓரிரு நாளில் வடியும். பத்து நாள் தொடர்ந்து, காலையில் கூடி மாலையில் குறையும் வீக்கம், சிறு குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தின் வழியே புரதம் கசிவதன் முதல் அடையாளமாக இருக்கலாம். இரவெல்லாம் படுத்திருக்கும்போது நீர் முகத்தில் தேங்குகிறது, எழுந்து நடமாடினால் காலுக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் மாலையில் பார்த்தால் ஒன்றுமில்லாதது போல் தோன்றும். மருந்துக்கு நன்றாகக் கேட்கக்கூடிய நோய்தான், ஆனால் நாள் கடத்தக் கூடாது. இதற்கு எந்த ஒத்தடமும் வேண்டாம்.

பெரியவர்களுக்கும் முகமும் இமையும் ஓயாமல் உப்பியிருந்தால் சிறுநீரகத்தோடு தைராய்டையும் பார்த்துவிடுவது நல்லது. உங்கள் அப்பளக் கணக்குக்கு வருவோம்: ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அது ஒரு சிறு தேக்கரண்டிதான்.

பிசானத்துக்காரன்

வீரவநல்லூர்ப் பக்கம் வயல்காரன் நான். பிசான நெல் அறுப்புச் சமயத்தில் இரவு விளக்கு வெளிச்சத்துக்கு எறும்பு மாதிரி ஒரு சிறு வண்டு வரும். உடம்பு செம்மஞ்சள், தலையும் வால்நுனியும் கருப்பு. அது கடிப்பதில்லை. நாம் தூக்கக் கலக்கத்தில் நசுக்கிவிட்டால், அதன் உடம்பு நீர் பட்ட இடம் மறுநாளோ அதற்கு மறுநாளோ தீப்பட்டதுபோல வெந்து, கோடு கோடாகக் கொப்புளிக்கும். நசுக்கிய கையால் கண்ணைத் தொட்டுவிட்டால் இமை மூடிக்கொள்ளும். போன மாசியில் எனக்கு இப்படித்தான் ஆயிற்று. மேலே ஊர்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அறுப்பு நடக்கும் நாட்களில் படுக்கைக்கு நேர் மேலே குழல் விளக்கு எரிய விடாதீர்கள்.

தெக்கூரான்

நான் சொல்வது வருத்தத்தோடு சொல்வது. என் தகப்பனாருக்கு இரண்டு வருடத்துக்கு முன் இடது நெற்றியில் எரிச்சலும் வலியும் வந்து, இமை வீங்கி, சிறு சிறு கொப்புளங்கள் தோன்றின. மூக்கு நுனியிலும் இரண்டு இருந்தன. அக்கி என்று ஊரில் சொன்னார்கள். சொன்ன பெயர் சரிதான். செய்த வைத்தியம்தான் பிழையாகிவிட்டது. காவிக் குழம்பால் மூன்று நாள் அக்கி எழுதினோம். கண்ணைச் சுற்றியும் எழுதினார்கள். ஆறாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்னம்மை வந்து போன கிருமி நரம்புக்குள் பதுங்கியிருந்து, வயதான பிறகு எழும்பி வருவதுதான் இந்த அக்கி என்றும், மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் அதே நரம்பு கண்ணுக்குள்ளும் போகிறது என்பதற்கு அடையாளம் என்றும், 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் அங்கே சொன்னார்கள். இப்போது அந்தக் கண்ணின் கருவிழியில் வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அக்கி முதுகில் வந்தால் எழுதுவதா வேண்டாமா என்று நான் வாதாட வரவில்லை. நெற்றியின் ஒரு பாதியில் மட்டும் வந்தால் அன்றைக்கே பஸ் ஏறுங்கள்.

பேட்டைக்காரன்

தெக்கூரான் எழுதியதைப் படித்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முள் குத்திய இடத்தில் வைப்பது போல எருக்கம்பாலைக் கண்கட்டியின் மேல் தொட்டு வைக்கச் சொல்லும் ஆச்சிமார் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அது சரிதானா?

சித்தப் பாளை

கூடவே கூடாது, அண்ணாச்சி. எருக்கம்பால் கண்ணுக்குள் பட்டால் கருவிழியின் உட்புறத்தை வரிசையாகப் போர்த்தியிருக்கும் உயிரணுக்களைத் தாக்கும். அழிந்துபோன அந்த அணுக்கள் மறுபடி பெருகுவதில்லை. வலி அதிகம் தெரியாமலே பார்வை புகை மூட்டமாகிவிடும் என்பதால் பலர் தாமதித்து விடுகிறார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை கட்டும்போது விரலில் ஒட்டிய பாலோடு கண்ணைத் தேய்த்துக்கொண்டவர்களுக்கும் இதுதான் நேர்கிறது. பட்டுவிட்டால் ஓடும் சுத்தத் தண்ணீரில் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு, வலி இல்லாவிட்டாலும் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஹைகிரவுண்டு அக்கா

வீட்டு வைத்தியத்தை அந்த நிமிடமே நிறுத்திவிட்டுப் புறப்பட வேண்டிய அடையாளங்களையும் எழுதிவிடுகிறேன். இமை வீக்கத்தோடு காய்ச்சல், கண் விழியை அசைத்தால் வலி, விழி முன்னால் பிதுங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, பார்வை மங்குவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் சீழ் கண் குழிக்குள் இறங்கியிருக்கக்கூடும். பிள்ளைகளுக்கு இது சளி, சைனஸ் தொல்லையைத் தொடர்ந்து வரும், இரவு என்று பார்க்காமல் போக வேண்டும். வலி மாத்திரையோ, எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரையோ சாப்பிடுகிறவருக்கு இமையோடு உதடும் நாக்கும் வீங்கினால் அதற்கும் அப்படியே. அங்கே ஆபத்து கண்ணுக்கு அல்ல, மூச்சுக்கு. நமக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் இருக்கிறது. தூரம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கல்லிடை மதினி

பேரனுக்குப் பரிசோதனை செய்தாயிற்று. சிறுநீரில் புரதம் நிறைய இருக்கிறது என்று சொல்லி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். தினமும் காலையில் சிறுநீரைப் பரிசோதனைப் பட்டையில் தொட்டுப் பார்த்து நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்த வேலை என்னுடையது. கொசுவர்த்திக்குச் செலவழித்த பத்து நாள் மனதை உறுத்துகிறது. நன்றி, அக்கா.

முக்கூடல் மகன்

தாமதமாக வருவதற்கு மன்னிக்கவும். சொட்டு மருந்தின் அட்டையைப் படித்தேன், டெக்சாமெத்தசோன் என்றுதான் இருந்தது. திறக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்தேன், முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். ஒத்தடம் ஆரம்பித்த நான்காம் நாள் இரவு கட்டி தானாக உடைந்தது. காலையில் தலையணையில் மஞ்சளாக ஒரு சொட்டு இருந்தது. வலி அன்றோடு போயிற்று. இன்றோடு பதினோரு நாள். தொட்டால் அந்த இடத்தில் கடுகு மாதிரி ஒன்று இன்னும் உருளுகிறது, வலிக்கவில்லை.

வெறும் வயிற்றில் சர்க்கரை 171 இருந்தது. அம்மா யாரிடமும் சொல்லாமல் ஒரு வருடமாக இரவில் நான்கு தடவை எழுந்திருக்கிறார். மருந்து தொடங்கியிருக்கிறோம். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடியும் போட்டாயிற்று. நூல் இவ்வளவு தடிமனா என்று கேட்கிறார். பீடி சுற்றாமல் இரு என்றால் கேட்க மாட்டார், வாரக் கணக்கு முடிக்க வேண்டும் என்கிறார். அந்தக் கடுகுக்கு என்ன செய்வது, அக்கா?

ஹைகிரவுண்டு அக்கா

அது சீழ் போன பிறகு தங்கிவிட்ட எண்ணெய்க் கட்டி. ஒத்தடத்தை நாளைக்கு இரண்டு தடவையாகக் குறைத்துத் தொடருங்கள். ஒத்தடம் முடிந்ததும், கையைக் கழுவிவிட்டு, மேல் இமையை மேலிருந்து மயிர்க்கால் பக்கமாக விரல் நுனியால் மெல்ல நீவிவிடச் சொல்லுங்கள். கரைய ஒன்றிரண்டு மாதம்கூட ஆகலாம். கரையாவிட்டால் இமையின் உட்புறமாகக் கீறி எடுத்துவிடுவார்கள், சிறிய வேலை. எடுத்த பிறகும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தாலோ, அந்த இடத்து இமை முடி கொட்டினாலோ, அந்தச் சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வயதானவர்களுக்கு எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் இந்த வேடத்தில்தான் வரும்.

பீடி சுற்றட்டும். சுளகுக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரும் சோப்பும் துவைத்த துண்டு ஒன்றும் இருக்கட்டும். கண் அரித்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் துண்டால் ஒற்றிக்கொள்ள வேண்டும். முந்தானையால் துடைக்கக் கூடாது, தூள் முழுவதும் அதில்தான் இருக்கிறது.